கரும்பலகையில் ஐந்து கப்பல் விதிகள்

ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாள் வரை கப்பலிலேயே தங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை கடலுக்குள் மூழ்கிப் பார்த்துவரும் பயணங்கள் வெப்பமண்டலக் கடல்கள் பலவற்றில் நடக்கின்றன. உண்பது, உறங்குவது, சிலிண்டரில் காற்று நிரப்புவது எல்லாம் கப்பலில்தான். இரவில் கப்பல் நகரும், பகலில் ஏதாவதொரு தீவின் அருகே நிற்கும். இவ்வகைக் கப்பலுக்கு 'லிவ்அபோர்டு' என்று பெயர். 'தங்கு கப்பல்' என்று என் வகுப்பில் நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம்.

நான் அப்படியொரு பயணம் போனவன் அல்லன். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். இந்தோனேசியாவின் பண்டா கடலில் செல்லும் ஒரு தங்கு கப்பலின் வழியை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தபடியே ஐந்து பாடவேளைகள் நடத்தினேன். பாய்மங்கள், வாயு விதிகள், எரிமலை, பவளப்பாறை, ஐரோப்பியர் வருகை ஆகிய ஐந்தும் நம் பாடநூல்களில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. அந்தக் கப்பலிலோ எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

முதல் நாள் கரும்பலகையில் ஐந்து விதிகளை எழுதிப் போட்டேன். எல்லாம் இத்தகைய கப்பல்களில் பொதுவாகப் பின்பற்றப்படுபவை.

1. நீரிலிருந்து ஏறியதும் உன் பெயருக்கு எதிரே குறியிடு.
2. இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.
3. நீருக்கடியில் ஒருபோதும் மூச்சை அடக்காதே.
4. மேலே வரும்போது அவசரப்படாதே. கடைசி நாளில் மூழ்காதே.
5. எதையும் தொடாதே.

"இந்த ஐந்துக்கும் காரணம் கண்டுபிடியுங்கள்" என்பதுதான் மாணவர்களுக்கு நான் கொடுத்த வேலை.

வழி

மலுக்கு மாகாணத்தின் அம்போன் துறைமுகத்தில் கப்பல் புறப்படுகிறது. தென்கிழக்கே ஓர் இரவு ஓடினால் பண்டா தீவுகள். அங்கிருந்து இன்னும் தென்கிழக்கே போனால் ஆளில்லாத எரிமலைத் தீவான மனுக். பறவைக் கூட்டங்களும் கடல் பாம்புகளும் நிறைந்த இடம் அது. அதற்கும் அப்பால் செருவா, நிலா என்று எரிமலைத் தீவுகள் வில்போல் வளைந்து கிடக்கின்றன. ஆஸ்திரேலியப் பகுதியின் புவித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து வந்து மோதும் இடம் இது. அதனால்தான் தீவுகள் வளைவாக அமைந்தன. அதனால்தான் அருகிலேயே 7 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான வெபர் ஆழ்கடல் பள்ளம் இருக்கிறது. எரிமலையும் ஆழ்பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை வரைபடத்தில் காட்டினால், புவித்தட்டுப் பாடத்தில் பாதி நடத்தி முடித்ததுபோல்தான்.

கப்பல்கள் ஆண்டு முழுவதும் இங்கே போவதில்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதியான மாதங்களில்தான் போகின்றன: மார்ச், ஏப்ரல் ஒரு முறை; செப்டம்பர் முதல் நவம்பர் வரை மறுமுறை. பருவக்காற்று எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. காற்று மாறினால் கடலுக்குப் போகும் நாளும் மாறும் என்பது அவர்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு.

கப்பல் பெரும்பாலும் 'பினிசி' மரபில் கட்டிய மரக்கப்பலாக இருக்கும். தெற்கு சுலவேசித் தச்சர்களின் இந்தக் கப்பல் கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதல் இரண்டு விதிகள்: எண்ணிக்கையும் விழிப்பும்

முதல் விதிக்குப் பிள்ளைகள் உடனே காரணம் சொல்லிவிட்டார்கள்: "அட்டெண்டன்ஸ் சார்!" அதேதான். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பகுதியில் மூழ்கப் போன பயணிகளுள் இருவரை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. எண்ணிக்கை சரியாக எடுக்கவில்லை. இருவர் குறைகிறார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. கல்விச் சுற்றுலாப் பேருந்தில் மூன்று முறை தலை எண்ணும் ஆசிரியருக்கு இதன் கனம் புரியும்.

இரண்டாம் விதியின் காரணம் இன்னும் கொடியது. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியக் கடலில் நங்கூரமிட்டிருந்த தங்கு கப்பலொன்று தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் இறந்தார்கள். இரவில் சுற்றி வந்து பார்க்கும் காவலர் ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பதை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. தொடக்கத்திலேயே யாராவது பார்த்திருந்தால் நேரம் கிடைத்திருக்கும். தீயணைப்புப் பயிற்சி ஏன் என்று, 2004 கும்பகோணத்துக்குப் பிறகு நம் ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் விதி: அம்மாச்சியின் மூச்சும் ஸ்கூபா மூச்சும்

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1 என்றால், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. இந்த ஒரு வரியிலிருந்தே ஒரு கணக்குப் பாடம் எடுக்கலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று இருந்தால் மொத்தம் 2,400 லிட்டர். 50 மடங்கு அழுத்தம் மிச்சம் இருக்கும்போது மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆக, செலவழிக்கக்கூடியது 1,800 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு நீர்மட்டத்தில் அது 90 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சிலும் மூன்று மடங்கு காற்று உள்ளே போகிறது. எனவே 30 நிமிடம்தான். 30 மீட்டரில் எவ்வளவு? எங்கள் வகுப்பில் கணக்குக்குப் பயப்படும் ஒரு மாணவி முதலில் எழுந்து "இருபத்திரண்டரை" என்றாள்.

அழுத்தம் கூடினால் கன அளவு குறையும், அழுத்தம் குறைந்தால் கன அளவு கூடும் என்பது பாயில் விதி. ஊசி நீக்கிய சிரிஞ்சுக்குள் சிறிதளவு ஊதிக் கட்டிய சின்ன பலூனைப் போட்டு, முனையை விரலால் அடைத்துத் தண்டை இழுத்தால் பலூன் பெருக்கும், அழுத்தினால் சுருங்கும். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காமல் கிழியும். நீச்சல் குளத்தின் ஆழத்திலேயே இத்தகைய விபத்து நேர்ந்திருக்கிறது. ஆகவே ஏறும்போது தொடர்ந்து மூச்சு விட்டுக்கொண்டே வரவேண்டும்.

இங்கேதான் எங்கள் வகுப்பின் மிகச் சிறந்த கேள்வி வந்தது. பாசி எடுக்கப் போகும் குடும்பத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எங்க அம்மாச்சி தம் பிடிச்சுத்தான் முங்கும். மேல வர்ற வரைக்கும் மூச்சே விடாது. அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

பதிலை நான் சொல்லவில்லை. இரண்டு படம் வரையச் சொன்னேன். முதல் படத்தில் அம்மாச்சி. மேலே 5 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு முங்குகிறார். 10 மீட்டர் போனதாக வைத்துக்கொண்டால் அது இரண்டரை லிட்டராகச் சுருங்கும். திரும்ப மேலே வந்தால் மறுபடி அதே 5 லிட்டர். அதற்கு மேல் போக வழியே இல்லை. இரண்டாம் படத்தில் ஸ்கூபாக்காரர். கீழே போன பிறகு சிலிண்டரிலிருந்து 5 லிட்டர் நிரப்புகிறார். மேலே வரும்போது அது 10 லிட்டர் ஆகவேண்டும். பின்வரிசை மாணவன் ஒருவன் அதைத் தன் சொற்களில் முடித்துவைத்தான்: "அம்மாச்சி மேல இருந்து கொண்டுபோன காத்தோட வருது. இவரு கீழ நிரப்பின காத்தோட வர்றாரு."

பாயில் விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முத்துக் குளித்த நம் முன்னோர் மூச்சை அடக்கினார்கள். ஸ்கூபாக்காரர் அடக்கக் கூடாது. இரண்டு எதிரெதிர் விதிகள். அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே இயற்பியல் விதி.

இன்னொன்றும் கவனிக்கச் சொன்னேன். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4இலிருந்து 3 ஆகிறது. கடைசிப் 10 மீட்டரில் 2இலிருந்து 1, அதாவது சரிபாதி. ஆழம்தான் ஆபத்து என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, மேற்பரப்புக்கு மிக அருகில்தான் மாற்றம் மிகப் பெரிது என்பது வியப்பாக இருந்தது.

நான்காம் விதி: சோடா பாட்டில் உடல்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடினால் அது இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரையும். மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால், மூடியைச் சட்டென்று திறந்த சோடா பாட்டில்போல் உடலுக்குள் குமிழ்கள் தோன்றும். மூட்டு வலி முதல் கைகால் செயலிழப்பு வரை போகும், உயிரும் போகலாம். வகுப்பில் இரண்டு சோடா பாட்டில்களைக் கொண்டுவந்து, ஒன்றைச் சட்டென்றும் மற்றொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் திறந்து காட்டினாலே போதும்.

படிப்படியாக ஏறினால் தப்பலாம் என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908இல் அட்டவணையாக வெளியிட்டார். இன்று அந்தக் கணக்கை மணிக்கட்டில் கட்டிய சிறு கணினி செய்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே மேலே ஓய்வெடுக்க வேண்டும். கப்பலின் கால அட்டவணையைச் சமையல்காரரோ மாலுமியோ போடுவதில்லை, நைட்ரஜன் போடுகிறது.

அப்படி ஓய்வெடுத்தாலும் பல நாள் தொடர்ந்து மூழ்குபவர் உடலில் கொஞ்சம் மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். விமானம் பறக்கும்போது அதன் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எனவே பல நாள் மூழ்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி நாள் முழுவதும் தெளிந்த கடலைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான். மருத்துவ அழுத்த அறை உள்ள ஊர் ஒரு நாள் தொலைவிலோ அதற்கும் மேலோ இருக்கும் கடலில், இந்த விதியை மீறிப் பார்க்க முடியாது.

எங்கள் கடலுக்கும் இது பொருந்தும். சங்கு குளிக்கப் போகிறவர் கம்ப்ரசர் குழாய் வழியாகக் காற்றை வாங்கி ஆழத்தில் வேலை செய்தால், அவர் உடலிலும் நைட்ரஜன் இதே போலத்தான் கரையும். பிள்ளைகளிடம் "வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்று நான் சொன்ன ஒரே பாடம் இது.

ஐந்தாம் விதி: எரிந்த பாறையில் பவளம்

பண்டா தீவுகளின் நடுவே நிற்கிறது குனுங் அபி. 'நெருப்பு மலை' என்று பொருள். உயரம் சுமார் 640 மீட்டர். 1988 மே மாதம் அது வெடித்தது. எரிகுழம்பு கடலுக்குள் இறங்கி, கரையோரப் பவளத்திட்டை மூடிப் புதைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே இடத்தில் மூழ்கிப் பார்த்தார்கள். அலை மோதாத பகுதியில் 124 பவள இனங்கள்! பாறைப் பரப்பில் 60 விழுக்காட்டுக்கும் மேல் உயிருள்ள பவளம். அருகே எரிகுழம்பு தொடாத பழைய திட்டைவிட இங்கே இனவகை அதிகம்.

ஏன்? பவளத்தின் இளம் உயிர்கள் நீரில் மிதந்து வந்து, உறுதியான, வண்டல் படியாத தளம் ஒன்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும். குளிர்ந்து இறுகிய எரிகுழம்புப் பாறை அசையாது, சொரசொரப்பானது, வண்டலும் அங்கே குறைவு. அருகிலிருந்த திட்டுகளிலிருந்து இளம் உயிர்கள் வந்துகொண்டே இருந்தன.

இதற்கு எதிர்ப்படமும் இந்தோனேசியாவிலேயே இருக்கிறது. வெடி போட்டு மீன் பிடித்த இடங்களில் பவளம் நொறுங்கிச் சல்லியாகக் கிடக்கிறது. நீரோட்டத்தில் சல்லி உருளும்போது அதில் ஒட்டிய இளம் உயிர் நசுங்கிவிடும். பல ஆண்டுகள் ஆகியும் அப்படிப்பட்ட இடங்கள் மீளவில்லை. எரிமலை அழித்தது மீண்டது; மனிதன் நொறுக்கியது மீளவில்லை. அழிவின் அளவு மட்டும் போதாது, அழிவுக்குப் பின் என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். துடுப்புக் கால் ஒன்று தவறிப் பட்டாலும் பவளக் கிளை முறியும் என்பதால்தான் 'எதையும் தொடாதே'.

காரணம் இல்லாத ஒரு விதி

பண்டாவில் பயணிகள் கரையிறங்குவார்கள். ஒரே பழத்தில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் தரும் மரங்கள் அங்கே தோப்புத் தோப்பாக நிற்கும். ஒரு காலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காய் இந்தச் சிறு தீவுகளிலிருந்துதான் போனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு விதி போட்டது: எங்களைத் தவிர யாருக்கும் விற்காதே. தீவு மக்கள் தம் பழைய வணிகர்களோடு தொடர்ந்து வாங்கி விற்றார்கள். 1621இல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்தான். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேரே மிஞ்சினர் என்பது மதிப்பீடு. 1667 பிரேடா உடன்படிக்கையில் ரன் என்ற சிறு தீவு டச்சுக்காரரிடமும் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமும் நின்றன. அந்த வாணிபத்தில் நம் கரைக்கும் பங்கு உண்டு. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர், சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அத்தீவுகளில் வாசனைப் பொருள்களை வாங்கினர்.

வரலாற்றுப் பாடவேளையில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், இந்த விதிக்கு என்ன காரணம் எழுதுறது?" வகுப்பே யோசித்தது. முதல் ஐந்து விதிகளும் அவற்றைப் பின்பற்றுபவரின் உயிரையோ, அந்த இடத்தின் உயிரையோ காப்பவை. இந்த விதி, போட்டவரின் லாபத்தை மட்டும் காத்தது. இந்த வேறுபாட்டை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அதே பண்டா நெய்ராவுக்கு 1936இல் டச்சு அரசு இரண்டு விடுதலை வீரர்களை நாடு கடத்தி அனுப்பியது: முகமது ஹத்தாவும் சுத்தான் ஷாரிரும். பின்னாளில் முன்னவர் இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர். பின்னவர் முதல் பிரதமர். 1942 தொடக்கம் வரை அங்கிருந்த காலத்தில் அவர்கள் தீவுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். சிறை வைக்கப்பட்ட இடத்திலும் அவர்களுக்கு ஒரு வகுப்பு கிடைத்தது.

வகுப்பில் செய்ய

இதற்குத் தேவைப்பட்டவை ஓர் உலக வரைபடம், சிரிஞ்சு, பலூன், இரண்டு சோடா பாட்டில், ஒரு ஜாதிக்காய் மட்டுமே. தொடக்கநிலை ஆசிரியர்கள் விதி ஒன்று, ஐந்து, சோடா பாட்டில் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உயர்நிலையில் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடவேளையாகப் பகிர்ந்துகொண்டால் இன்னும் நன்று. மலைப்பகுதிப் பள்ளிகளில் கடலை விட்டுவிட்டு மலையேற்ற விதிகளையோ காட்டுத்தீ விதிகளையோ வைத்து இதே முறையில் நடத்தலாம். எந்த விதியானாலும் காரணத்தை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. அம்மாச்சிக் கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முடிவில் ஒரு செயல்பாடு கொடுத்தேன். நம் பள்ளியில் உள்ள விதிகளை இடப்பக்கமும், ஒவ்வொன்றின் காரணத்தை வலப்பக்கமும் எழுத வேண்டும். மதிய உணவுக்கு முன் கை கழுவுவது, படிக்கட்டில் ஓடாதிருப்பது, ஆய்வகத்தில் அனுமதியின்றி எதையும் தொடாதிருப்பது என்று எல்லாவற்றுக்கும் காரணம் எழுதிவிட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் வலப்பக்கம் காலியாக இருந்தது: மதிய இடைவேளையில் நூலக அறை பூட்டியிருக்கும் என்ற விதி. அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் காட்டினோம். அவரும் கொஞ்ச நேரம் யோசித்தார். இப்போது எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் முறைவைத்துப் பொறுப்பேற்க, மதிய இடைவேளையில் நூலகம் திறந்திருக்கிறது. உள்ளே போகிறவர்கள் கதவருகே உள்ள பலகையில் தம் பெயருக்கு எதிரே குறியிடுகிறார்கள்.